டைல்ஸ் ஒட்ட முதல் ஒருக்கா பாருங்கள்: கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பாத்ரூமுக்கு நடந்தது

ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டு அன்ரி வந்து கதவைத் தட்டினார். சத்தம் போடவில்லை. "பிள்ளை, ஒருக்கா கீழ வந்து பாக்கிறியா?" என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்த்தேன். அவருடைய சாமித்தட்டுக்கு நேர் மேலே, சீலிங்கில் தாம்பாளம் அளவுக்கு மஞ்சள் கறை. அதன் நடுவிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கீழே ஒரு சட்டி வைத்திருந்தார். படங்களையெல்லாம் இரவே எடுத்துக் கட்டிலில் அடுக்கியிருந்தார்.

அந்தக் கறைக்கு மேலேதான் எங்கள் பாத்ரூம். வேலை முடித்து ஏழு வாரம்கூட ஆகவில்லை.

இதை எழுதுவது என் கோபத்தைக் கொட்டுவதற்காக இல்லை. காலி வீதியின் இரண்டு பக்கமும் பழைய ஃபிளாட்டுகளில் இருக்கிற நிறையப் பேர் இப்போது பாத்ரூம் மாற்றுகிறார்கள். பெரும்பாலும் என்னைப்போல வயதான அம்மா அப்பாவுக்காக. பெயர் போட மாட்டேன், விஷயம் இன்னும் விசாரணையில் இருக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள் என்பதை ஒன்றும் விடாமல் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 72 வயது, இரண்டு முழங்காலும் நோ. எங்களுடையது பழைய பாத்ரூம். வாசலில் உயரமான படி, வழுக்கும் தரை, பிடித்து எழும்ப ஒன்றும் இல்லை. கனடாவில் இருக்கிற தம்பி, "அக்கா, அம்மா விழ முதல் செய்து முடிப்பம்" என்று காசு அனுப்பினான். ஃபேஸ்புக்கில் பார்த்து ஒரு கொன்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்த படங்கள் அவ்வளவு வடிவு. கறுப்பு ஷவர், கண்ணாடித் தடுப்பு, வெளிச்சம் வருகிற கண்ணாடி, தொங்குகிற வேனிட்டி கப்போர்ட். பிறகு என் மச்சாள் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தாள். அதில் முக்கால்வாசி வெளிநாட்டு வீடுகள். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

வீட்டுக்கு வந்தார், தேத்தண்ணி குடித்தார், அம்மாவின் காலைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். "அம்மா, நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, மூண்டு கிழமையில முடிச்சுத் தாறன்" என்றார். மொத்தம் 7,85,000 ரூபாய், அதில் 60 வீதம் அட்வான்ஸ். ரசீது கேட்டேன். "பில் போட்டா வட் 18 வீதம் சேரும் அக்கா, உங்களுக்குத்தான் நட்டம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். வட், அதாவது பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்யாத ஒருவர் அதை அறவிடவே முடியாது, காசு வாங்கியதற்கு ஒரு சாதாரண ரசீது எழுதித் தர வரி எதுவும் சேராது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

மூன்று கிழமை எட்டுக் கிழமையானது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வேலை, ஐந்து நாள் ஆளே இல்லை. அந்த எட்டுக் கிழமையும் அம்மா பக்கத்து ஃபிளாட்டில் போய்த்தான் குளித்தார்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய டைல்ஸை உடைத்து முடித்த பிறகு வாட்டர்புரூஃபிங், அதாவது தண்ணீர் கசியாமல் தடுக்கிற பூச்சு அடிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் இரண்டு கோட் என்று இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரு பையன் வந்து தும்புத்தடி மாதிரி ஒரு பிரஷ்ஷால் சாம்பல் நிறத்தில் எதையோ பூசிவிட்டுப் போனான். புதன்கிழமை நான் வேலைக்குப் போய் ஐந்தரைக்குத் திரும்பி வந்தால் தரையில் பாதிக்கு டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. இரண்டாவது கோட் எப்போது அடித்தது என்று கேட்டேன். "காலமையே அடிச்சாச்சு அக்கா, இது கெதியில காயிற சாமான்" என்றார் கொன்ட்ராக்டர்.

அந்த இடத்தில் நான் வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். பிறகு வேலையைத் திரும்பச் செய்து தந்த மேசன் பாஸ் (கொத்தனார்) காட்டித் தந்த பிறகுதான் சரியான முறை என்ன என்று எனக்கு விளங்கியது. முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. முதலாவதை நெடுக்காக அடித்தால் இரண்டாவதைக் குறுக்காக அடிக்க வேண்டும். தரையும் சுவரும் சேருகிற மூலையைச் சாந்தால் சரிவாக நிரப்பிவிட்டு அதற்கு மேல் பூச வேண்டும், ஏனென்றால் தண்ணீர் முதலில் வழி தேடுவது அந்த மூலையில்தான். சுவரில் குறைந்தது ஓர் அடி உயரத்துக்கு, ஷவர் இருக்கிற பக்கம் தலைக்கு மேல்வரை ஏற்ற வேண்டும். குழாய் தரைக்குள் இறங்குகிற இடத்தைச் சுற்றித் தனியாகக் கவனிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு, தண்ணீர் போகிற ஓட்டையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைத்து, இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, 48 மணித்தியாலம் விட வேண்டும். தண்ணீர் கோட்டை விட்டு இறங்கக் கூடாது, கீழ்வீட்டு சீலிங் நனையக் கூடாது. அதற்குப் பிறகுதான் டைல்ஸ். இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை, இரண்டு நாள் பொறுமைதான் வேண்டும். அவசரப்படுகிறவர் எதற்கு அவசரப்படுகிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

பிப்ரவரியில் எங்கள் தரையை உடைத்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பூசியிருந்தது நகத்தால் சுரண்டினால் கடதாசி மாதிரிக் கழன்று வந்தது. மூலைகளில் ஒன்றுமே இல்லை. சுவரில் நான்கு விரல் உயரம்கூட ஏறவில்லை. குழாயைச் சுற்றி வெறும் சீமெந்து.

ஆனால் நான் அழுதது அதைப் பார்த்து இல்லை. கறை தெரிவதற்கு இரண்டு வாரம் முன்பு அம்மா கொமோட்டிலிருந்து எழும்பும்போது பிடித்த கம்பி சுவரை விட்டுக் கழன்று கையோடு வந்துவிட்டது. நல்ல காலம், கதவு திறந்திருந்தது, நான் வெளியே நின்றேன், தோளைப் பிடித்துவிட்டேன். அம்மாவின் மணிக்கட்டு நீலம் பாய்ந்து பத்து நாள் வீங்கியிருந்தது. கம்பியைப் பார்த்தேன். ஓர் அங்குல ஆணி, அதை இறுக்க ஓட்டைக்குள் வைக்கிற சின்ன பிளாஸ்டிக் ரோல் பிளக். டைல்ஸுக்குப் பின்னால் வெறும் வெளி. டைல்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இடத்தில் சாந்து உருண்டை வைத்து அமுக்கியிருக்கிறார்கள், நடுவெல்லாம் காற்று. ஆணி செங்கல்லைத் தொடவே இல்லை. ஆள் எழும்பும்போது உடம்பின் பாரம் முழுக்க விழுகிற கம்பி அது. துவாய் கொழுவுகிற கம்பியைப் பூட்டுவது போலப் பூட்டியிருந்தார்கள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் புது டைல்ஸை ஒரு ரூபாய்க் குற்றியால் தட்டிப் பார்க்கிறேன். நிறைவாக ஒட்டியிருந்தால் சத்தம் இறுக்கமாகக் கேட்கும், உள்ளே வெறுமையாக இருந்தால் பானையைத் தட்டுவது போல் கேட்கும். கடைசித் தவணைக் காசைக் கொடுக்கும் முன்பு நீங்களும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

ஹீட்டர் விஷயம் இதைவிடப் பயங்கரம். கம்பி கழன்ற பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்து, என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிற ஒரு எலெக்ட்ரிஷியனைக் கூப்பிட்டேன். எங்கள் சுடுதண்ணி ஹீட்டர் 3.5 கிலோவாட். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 15 அம்பியர் இழுக்கும். அதற்குப் போட்டிருந்தது லைட்டுக்குப் போடுகிற 1.5 சதுர மில்லிமீற்றர் வயர். குறைந்தது 2.5 வேண்டும், எங்கள் வீட்டுத் தூரத்துக்கு 4 போடுவதுதான் நல்லது என்றார். எர்த் வயரை வெட்டி டேப் சுற்றி உள்ளே தள்ளியிருந்தார்கள். "வீட்டில ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே?" என்று கேட்டேன். எர்த் இல்லாவிட்டால் ஹீட்டருக்குள் கரண்ட் கசிந்தாலும் அந்த சுவிட்சுக்கு அது தெரிய வராது, ஈரக் கையோடு ஒருவர் தொடும்போதுதான் தெரிய வரும் என்றார். அதுவரை அம்மா அதில்தான் குளித்திருக்கிறார்.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். எட்டு அங்குல ரெயின் ஷவர் கட்டாயம் வேண்டும் என்று கொன்ட்ராக்டர் விற்றார். அந்தப் பெட்டியிலேயே குறைந்தது 1 பார் அழுத்தம் தேவை என்று அச்சடித்திருக்கிறது. பத்து மீற்றர் உயரத்திலிருந்து தண்ணீர் இறங்கினால்தான் பம்ப் இல்லாமல் அவ்வளவு அழுத்தம் கிடைக்கும். நாங்கள் இருப்பது மேல்மாடி, தாங்கி எங்கள் தலைக்கு மேலே மூன்று மீற்றரில். மழை மாதிரி வராது, நூல் மாதிரித்தான் வரும். வேனிட்டி கப்போர்ட் பி.வி.சி. போர்ட் (பிளாஸ்டிக் பலகை) என்று விலை போட்டு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வைத்திருந்தார், அடிப்பக்கம் ஒரு மாதத்தில் ஊதிவிட்டது. துவாய்க் கம்பி, சவர்க்காரத் தட்டு எல்லாம் துருப்பிடிக்காத "304 ஸ்டீல்" என்றார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கடல், உப்புக் காற்று வஞ்சகம் இல்லாமல் உண்மையைக் காட்டிவிட்டது, இரண்டு மாதத்தில் துரு.

அளவு விஷயத்தில் ஏமாந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் பாத்ரூம் 7 அடிக்கு 5 அடி. தரை 35 சதுர அடி. நாலு சுவரும் சேர்த்துச் சுற்றளவு 24 அடி, டைல்ஸ் உயரம் 7 அடி, அது 168. கதவுக்கு 16 கழித்தால் 152. தரையும் சுவரும் சேர்த்து 187. வெட்டுச் சேதாரத்துக்கு பத்து வீதம் சேர்த்தாலும் 206 சதுர அடிதான். எனக்குப் போட்ட கணக்கு 290. சாமானும் கூலியும் சேர்த்து சதுர அடிக்கு 1,100 ரூபாய். இல்லாத சுவருக்கு 92,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன். பழைய சோனகத் தெருவில் இரண்டு ஹாட்வெயார் கடை ஏறி விலை கேட்டிருந்தால் ஷவர், குழாய் விலையிலும் எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று முதலிலேயே தெரிந்திருக்கும்.

கறை வந்த அன்றே அவருக்கு ஃபோன் பண்ணினேன். "நாளைக்கு வாறன் அக்கா." பிறகு "பொங்கல் முடியட்டும்." பிறகு "மேசனுக்குச் சுகமில்லை." ஐந்து வாரம் இப்படிப் போனது. கடைசியில், அது கீழ்வீட்டுக் குழாய்ப் பிரச்சினை, எங்கள் வேலையில் பிழை இல்லை என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. அதன் பிறகு என் நம்பரை அடைத்துவிட்டார்.

இந்த இழுத்தடிப்பு சும்மா நடக்கிற ஒன்று என்று நினைக்காதீர்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதென்றால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி அல்லது சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு அது கடைசி வாரத்தில்தான் தெரிய வந்தது. 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வழி சொல்வார்கள். ரசீது இல்லாததால் பயந்துகொண்டுதான் போனேன். வங்கியில் காசு மாற்றிய சிட்டை, வட்ஸ்அப் செய்திகள், அவர் கையால் எழுதிய விலைப் பட்டியலின் படம் எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்தேன். ஒரு தவணை கூப்பிட்டார்கள், அவர் வரவில்லை. அடுத்த தவணைக்குக் காத்திருக்கிறேன். அதிலும் சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை.

திரும்பச் செய்த வேலைக்கு மேலதிகமாக 3,40,000 ரூபாய் போனது. இந்த முறை தெஹிவளையில் இருக்கிற ஒரு வயதான மேசன் பாஸ். ஒரு வருஷத்துக்கு முன் அவர் செய்த பாத்ரூமை நேரில் போய்ப் பார்த்து, அந்த வீட்டுக்காரரோடு கதைத்த பிறகுதான் சம்மதித்தேன். சாமான் எல்லாம் நானே வாங்கினேன். காசைத் துண்டு துண்டாகக் கொடுத்தேன்: உடைத்து அள்ளிய பிறகு ஒரு பகுதி, தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு ஒரு பகுதி, டைல்ஸ் தட்டிப் பார்த்த பிறகு ஒரு பகுதி. மிச்சம் பத்து வீதத்தை ஒரு மாதம் பாவித்த பிறகு தருவதாக எழுதிக் கையெழுத்து வைத்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. சுவருக்குள் போன ஒவ்வொரு குழாயையும் வயரையும் மூடும் முன்பு அவரே கூப்பிட்டு, "மிஸ், ஃபோட்டோ எடுங்க" என்றார்.

அம்மாவின் பிடிகம்பிக்கு நாலு அங்குல போல்ட், செங்கல்லுக்குள் இறக்கி. பூட்டி முடித்து அவரே அதில் தொங்கிக் காட்டினார். அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. எழும்பும்போது ஒரு கை கம்பியில், மற்றக் கையால் என்னைத்தான் தேடுகிறார்.

தண்ணீர் கட்டிய அந்த இரண்டு நாளும் அன்ரி காலையும் மாலையும் சீலிங்கைப் பார்த்து எனக்குப் படம் எடுத்து அனுப்பினார். மூன்றாம் நாள் காலையில் சாமிப் படங்களைத் திரும்ப மாட்டினார். அவருடைய சீலிங்குக்குப் பெயின்ட் அடித்துக் கொடுக்க ஆள் பேசியிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வருகிறார்.