தூங்குமூஞ்சி மரத்தடியில ஒரு ஆர்ட் இன்ஸ்டலேஷன்: சாயங்காலம் போங்க, காலைல போகாதீங்க

பினாங்குல எங்க தாமான் பாடாங்ல, அதாவது குடியிருப்பு திடல்ல, ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிக்குது. அதுக்கு கீழ ஏதோ ஆர்ட் இன்ஸ்டலேஷன் வெச்சிருக்காங்க, இலவசம்தான்னு வாட்சப்ல வந்துச்சு, சரின்னு சனிக்கிழமை பசியாறிட்டு 11 மணி போல மகளைக் கூட்டிட்டு போனேன். தப்பு பண்ணிட்டேன். விழுந்த மரத்துல அறுத்த கட்டைங்கள வட்டமா போட்டு வெச்சிருக்காங்க, மேல கிளையில இருந்து ஒரு அம்பது அறுபது சிரட்டை கயித்துல தொங்குது, ஒவ்வொன்னுலயும் ஒரு வார்த்தை, அவ்ளோதான். ஆள் நடமாட்டமே இல்ல. "இதுக்கா காடி (கார்) எடுத்துட்டு வந்தோம்"னு மகள் கேட்டா, நான் பதில் பேசல.

அப்புறம் செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வர்ற வழியில சும்மா நிறுத்துனேன். அங்க போர்டுல சாயங்காலம் 5 மணிக்கு வாங்கன்னு போட்டிருக்கு, ஏன்னா இந்த மரத்துக்கு மலாய்ல புக்குல் லீமான்னு ஒரு பேரு, அஞ்சு மணின்னு அர்த்தம், அந்த நேரத்துல இலை மடங்கிடுமாம். நானும் 5 மணில இருந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்துட்டு உட்காந்திருக்கேன், ஒன்னும் நடக்கல. அது அந்தக் காலத்து அஞ்சு மணி லா. நம்ம நாட்டு கடிகாரத்தை பல தடவ முன்னால தள்ளி, கடைசியா 1982ல இன்னொரு அரை மணி நேரம் தள்ளி வெச்சாங்க, மரத்துகிட்ட யாரும் சொல்லல போல. ஆறேகாலுக்கு மேலதான் இலைங்க ஜோடி ஜோடியா மடங்க ஆரம்பிச்சுது. பகல்ல கூரை போட்ட மாதிரி இருந்த இடத்துல வானம் தெரிய ஆரம்பிச்சு, அந்த சாய்ஞ்ச வெயில் உள்ள பூந்து சிரட்டைங்களோட நிழல் கட்டையில உட்காந்திருக்கறவங்க முதுகு மேல ஆடுது பாருங்க, அப்பதான் இத செஞ்சவங்க என்ன நெனச்சு செஞ்சாங்கன்னு எனக்கு புரிஞ்சது. 5க்கு 4 குடுக்கறேன், ஆனா அந்த நேரத்துக்கு மட்டும்தான்.

கூட்டமும் அப்பதான் வருது. எக்சர்சைஸ் முடிச்ச சீன ஆண்டிங்க, பந்து விளையாடிட்டு வந்த மலாய் பசங்க, தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை ரோட்டுல பந்தல் போடற நம்ம அண்ணன்மாருங்க கூட நாலு பேர். அடுத்த நாள் அப்பாவையும் கூட்டிட்டு போனேன், அவரு தோட்டத்துல வளந்தவரு, கட்டை வட்டத்த பாத்ததும் "இது என்னடா பெரட்டுக்களம் மாதிரி இருக்கு"ன்னாரு. விடியறதுக்கு முன்னாடி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பற இடம் அது. "ஆனா அங்க யாரும் உட்கார முடியாது"ன்னு சொல்லிட்டு, அவரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் உட்காந்தாரு.

பாராட்ட வேண்டிய விஷயம் ஒன்னு இருக்கு, மரத்துல ஒரு ஆணி கூட அடிக்கல. கயிறு கிளையை அறுக்காம இருக்க நடுவுல பழைய சைக்கிள் டியூப் வெட்டி சுத்தியிருக்காங்க. கிளை மேல தானா மொளச்சு நிக்கற பெரணியையும் தொடல. இந்த மரமே தென் அமெரிக்கா பக்கத்துல இருந்து வந்ததுதான், நம்மள மாதிரி வந்து ஊணிக்கிச்சு, அத போர்டுல ரெண்டு வரி எழுதியிருக்கலாம், எழுதல.

இப்ப குறைக்கு வரேன். போர்டுல மலாய், இங்கிலீஷ், சீனம் மூனும் இருக்கு, தமிழ் இல்ல. சிரட்டையில மட்டும் தமிழ் இருக்கு, அதுலயும் "நிழள்"னு எழுதி வெச்சிருக்காங்க. எங்கப்பா கண்ணாடிய கழட்டி தொடச்சு மறுபடி போட்டு பாத்தாரு, ளகரமேதான்.

அதைவிட மோசம், சிரட்டை எல்லாம் வாய் மேல பாத்த மாதிரி தொங்குது. ரெண்டு நாள் மழை பேஞ்சு தண்ணி நின்னிருக்கு, மகள் போன் லைட் அடிச்சு காட்டுனா, உள்ள குட்டி குட்டி புழு வளைஞ்சு வளைஞ்சு நீந்துது. முட்டையில இருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும், டிங்கி காய்ச்சல் வர்ற ஊர்ல இயற்கைய பத்தி பேசற இடத்துலயே ஏடிஸ் கொசு பண்ணை வெச்சா எப்படி? அங்க நின்ன ஒரு தொண்டூழியர் தம்பிகிட்ட காட்டுனேன், மூஞ்சி வெளுத்துப் போச்சு அவனுக்கு.

பார்க்கிங் 6 மணிக்கு மேல கஷ்டம், மோட்டர் சைக்கிள்ல போனா நல்லது. போறப்ப ஒரு தே ஓ ஐஸ் (பால் இல்லாத ஐஸ் டீ) வாங்கிட்டு போங்க, அங்க கடை கிடையாது.

நேத்து மறுபடி போனேன். எல்லா சிரட்டைக்கும் அடியில ஓட்டை போட்டுட்டாங்க, தண்ணி நிக்கல. "நிழள்" அப்படியே தொங்குது.