அம்மாவின் டிகிரியும் அஸ்தம்பட்டி கோர்ட்டும்

டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் சேலம் வந்தேன், அதில் பாதி நாள் அஸ்தம்பட்டி கோர்ட்டு வளாகத்திலேயே போய்விட்டது. அப்பா ரிட்டையர் ஆனபோது வந்த பணத்தில் நாலு லட்சத்தை அம்மா புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு அப்பாவின் பழைய நண்பருக்குக் கொடுத்திருந்தார். கேஸ் நடந்து 2022இல் டிகிரியும், அதாவது பணத்தைக் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பாணையும், ஆகிவிட்டது. பணம் மட்டும் வரவில்லை.

ஜெயித்துவிட்டால் கோர்ட்டே வசூல் செய்து தரும் என்றுதான் டொரண்டோவில் உட்கார்ந்துகொண்டு நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நிறைவேற்று மனுவை, அதாவது இ.பி.யை, நாம்தான் போட வேண்டும். அதற்கு 12 வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் அவ்வளவு நாள் விட்டுவைத்தால் எதிராளி இருப்பதையெல்லாம் கைமாற்றிவிட மாட்டாரா? வக்கீல் கேட்ட முதல் கேள்வியே "எதை ஜப்தி செய்யச் சொல்லிப் போடுறது, தம்பி?" என்பதுதான். அந்த நண்பரோ தன்னிடம் ஒன்றுமே இல்லை, வீடு மனைவி பேரில் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்குத்தான் சிவில் நடைமுறைச் சட்டத்தில் கட்டளை 21, விதி 41 இருக்கிறது. கடனாளியைக் கோர்ட்டுக்கு வரவழைத்து, அவருக்கு என்ன சொத்து இருக்கிறது, யாரிடமிருந்து பணம் வர வேண்டியிருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லி நாம் மனு கொடுக்கலாம். டிகிரி ஆகி 30 நாள் கழிந்தும் பணம் கட்டவில்லை என்றால், சொத்து விவரம் முழுவதையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கோர்ட் உத்தரவிடலாம், அதற்குப் படிவம் 16ஏ என்று தனியாக ஒன்று உண்டு. அந்த உத்தரவை மதிக்காவிட்டால் மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். இதைக் கேட்டபோது அம்மாவின் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "அவரை ஜெயிலுக்கு அனுப்ப வேண்டாம் கண்ணு, பணத்தைக் கொடுத்தாப் போதும்" என்றார்.

டைப் அடித்து வந்த முதல் இ.பி.யில் வட்டிக் கணக்கு தப்பு. வழக்குப் போட்ட நாளிலிருந்து டிகிரி தேதி வரை 9 சதவீதம், அதற்குப் பிறகு 6 என்று டிகிரியில் தெளிவாக இருக்கிறது, இவர்கள் கடைசி வரை 9 போட்டிருந்தார்கள். அப்புறம் இன்னொன்று. டிகிரிக்குப் பின்னால் அந்த நண்பர் அம்மாவிடம் 15,000 ரூபாய் கையில் கொடுத்திருக்கிறார், அம்மா டைரியில் எழுதியும் வைத்திருக்கிறார், மனுவில் 'வரவு' பகுதியில் அது இல்லை. இப்படி வந்த பணத்தை மறைக்கக் கூடாது, கோர்ட்டில் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு கையில் ஒரு ரசீதை நீட்டினால் நம் மனுவின் மதிப்பே போய்விடும். இரண்டையும் திருத்தச் சொன்னபோது வக்கீல் குமாஸ்தா அண்ணா முகம் சுளிக்காமல் அன்று சாயங்காலமே செய்து கொடுத்தார், பேட்டா, அதாவது எதிராளிக்கு நோட்டீஸ் அனுப்பும் கட்டணம், கட்டுவதையும் அவரே பார்த்துக்கொண்டார். அவர் மட்டும் இல்லாவிட்டால் என் விடுப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

கேள்விகளை எழுதியதுதான் பெரிய வேலை. "என்ன சொத்து இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எந்த பாங்கு, எந்தக் கிளை, வண்டி யார் பேரில், சீட்டு ஏதாவது கட்டுகிறாரா, கேஸ் போட்ட தேதிக்குப் பிறகு யாருக்கு எதை எழுதிக் கொடுத்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ராத்திரி உட்கார்ந்து நானும் அம்மாவும் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது, ஏற்காட்டில் அந்த நண்பருக்கும் அவர் தம்பிக்கும் சேர்ந்து கொஞ்சம் காப்பித் தோட்டம் இருந்ததே என்று. மறுநாளே 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் பக்கத்துத் தோட்டக்காரர் இடத்தைக் காட்டினார், சர்வே நம்பரும் கிடைத்தது. அதை வைத்து ஆன்லைனில் பார்த்தால் கூட்டுப் பட்டாவில் அவர் பெயர் இன்னும் இருக்கிறது! உடனே வில்லங்கச் சான்றுக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது இப்படிக் கிளம்பினால், வருவதற்கு முன்பே டிகிரியின் சான்றொப்பமிட்ட நகலுக்கு மனு போட்டுவிடச் சொல்லுங்கள், எனக்கு ஐந்து நாள் அதிலேயே போயிற்று. டிகிரி அம்மா பேரில் இருந்ததால் அவரே கையெழுத்துப் போட்டார், அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடப் பவர் பத்திரம் தேவைப்படவில்லை.

இ.பி.க்கு நம்பர் ஆகி, கேஸ் நிலவரத்தை ஆன்லைனில் தேடிப் பார்க்க உதவும் சிஎன்ஆர் எண்ணும் வந்துவிட்டது. அம்மாவின் போனில் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி, வாய்தா தேதி பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.