ஸால்புர்க் ரோமக் கோட்டை: போகலாம், ஆனால் மதிலை அப்படியே நம்ப வேண்டாம்

ஜெர்மனியில் பாட் ஹோம்புர்க் நகரை ஒட்டிய டௌனுஸ் மலைக் கணவாயில் இருக்கிறது ஸால்புர்க். ரைன் ஆற்றங்கரையிலிருந்து டான்யூப் வரை சுமார் 550 கி.மீ. ஓடிய ரோம எல்லைக் காவல் கோட்டில், லிமெஸில், இவ்வளவு முழுமையாக எழுப்பிக் காட்டப்பட்ட கோட்டை வேறில்லை. ஆனால் கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பகுதி, இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரின் ஆதரவில் 1897க்குப் பிறகு கட்டடக் கலைஞர் லூயிஸ் யாக்கோபி எழுப்பியவை.

முதலில் மதிலைப் பாருங்கள். ஞாயில்களுக்கு, அதாவது மதிலின் உச்சியில் வீரர்கள் மறைந்து நிற்கும் பல்போன்ற மேடுகளுக்கு, நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகல். ஈட்டி எறிபவன் கையை ஓங்க இடம் வேண்டாமா? அசல் மதிலில் இடைவெளி இதைவிட அகலம். வெறுங்கல்லாக விட்டதும் தவறுதான்: ரோமர் வெள்ளைச் சாந்து பூசி, அதன்மேல் சிவப்புக் கோடிழுத்து, பெரிய கற்களை அடுக்கியதுபோல் காட்டினார்கள். இன்றைய தோற்றம் இடைக்காலக் கோட்டையின் சாயலில் நிற்கிறது.

உள்ளே புல்லும் மரமுமாகப் பூங்கா போலிருப்பதும் ஏமாற்றும். 147-க்கு 221 மீட்டர் பரப்பில் ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய ரோம மாகாணமான ரேத்தியாவின் பெயரைத் தாங்கிய, சுமார் 500 பேர் கொண்ட படைப்பிரிவு ஒன்று தங்கியிருந்தது. இந்த வெற்றிடம் முழுக்கப் படைக்கொட்டில்களும் தொழுவங்களும் நெருக்கியடித்து நின்ற இடம்.

காசுக்கு உண்மையான மதிப்பு களஞ்சியக் கட்டடத்தில் உள்ள அருங்காட்சியகத்தில்தான். இங்கே தோண்டிய கிணறுகள் ஏறக்குறைய நூறு. அடியில் ஈரமும் சேறும் காற்றைத் தடுத்ததால் தோல் செருப்புகளும் மரச்சாமான்களும் மக்காமல் கிடைத்தன. செருப்பின் அடியில் அடித்த இரும்பு ஆணிகளை நின்று பாருங்கள். அவசரமாகக் கடப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

பலர் இதோடு திரும்பிவிடுகிறார்கள். வடக்கு வாசல் வழியே வெளியேறி சுமார் 200 மீட்டர் நடந்தால் அசல் லிமெஸ் வரும்: காட்டுக்குள் ஒரு பள்ளம், பக்கத்தில் மண்மேடு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் முதலில் நட்டது மரவேலி. பள்ளமும் மேடும் பின்னால் வந்தவை. கல்மதில் இந்தப் பகுதியில் கிடையாது, அது தெற்கே ரேத்தியாவில். பெரும்படையைத் தடுக்க இது போதாது. ஆனால் கால்நடை ஓட்டி வரும் கொள்ளைக் கூட்டம் திரும்பிப் போக முடியாமல் திணறும், வணிகனும் குறிப்பிட்ட வழியில்தான் நுழைந்தாக வேண்டும். கி.பி. 260 வாக்கில் இந்தக் கோட்டையும் கைவிடப்பட்டது.

பாதை மழைக்குப் பின் வழுக்கும், பிடிமானமுள்ள ஷூ அவசியம். கோட்டைக்குள் ஒன்றரை மணி நேரம், காட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குளிர்காலத்தில் சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதால் நேரத்தைப் பார்த்துக் கிளம்புவது நல்லது.