பாங்காக் ஆற்றில் டின்னர் குரூஸ் புக் செய்கிறீர்களா? வவுச்சரில் படகின் பெயரைத் தேடுங்கள்

நாலு பேருக்கு 11,600 பாட். அவ்வளவையும் கொடுத்து ஏமாந்துவிட்டு வந்திருக்கிறேன். பணம் திரும்பும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அடுத்து கிளம்புகிறவர்கள் யாராவது படிக்கட்டுமே என்று எழுதுகிறேன்.

அப்பா ரிட்டயர்டு வரலாற்று வாத்தியார். பாங்காக் என்றதும் எங்களுக்கு மால்களும் மார்க்கெட்டும் ஞாபகம் வந்தால், அவருக்கு 1767 ஞாபகம் வரும். அந்த வருஷம்தான் பர்மியப் படை பழைய தலைநகரான அயுத்தயாவை அழித்தது. அதன் பிறகு தாக்சின் மன்னர் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக் கரையில், தொன்புரியில் ஆட்சி நடத்தினார். 1782-இல் முதலாம் ராமா பட்டத்துக்கு வந்ததும் தலைநகரை எதிர்க்கரைக்கே மாற்றிவிட்டார். "ரெண்டு தலைநகரம், நடுவுல ஒரே ஆறு. ஆத்துல போனாதாம்ப்பா அது புரியும்" என்று கிளம்பும் முன்பே பத்துத் தடவை சொல்லிவிட்டார். அவருக்காகத்தான் வழிகாட்டியோடு வரும் நல்ல படகாகத் தேடினேன்.

தெரிந்தவர் மூலம் கிடைத்த ஒரு டிராவல் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். அந்தக் காலத்தில் நெல் ஏற்றிப் போன தேக்குமரப் படகைச் செப்பனிட்டு உணவகமாக்கியிருந்தார்கள். நாற்பதே இருக்கைகள், வெள்ளை மேஜை விரிப்பு, மெழுகுவத்தி வெளிச்சம். மேல்தளத்தில் முதல் வரிசை, ஒவ்வொரு இடத்தையும் விளக்கிச் சொல்ல லைசென்ஸ் உள்ள கைடு, அம்மாவுக்குத் தனி சைவச் சாப்பாடு எல்லாம் உண்டு என்றார். தலைக்கு 2,900 பாட். அதற்கான ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன். வவுச்சர் வந்தது. 'லக்ஷுரி பிரீமியம் டின்னர் குரூஸ்' என்று தங்க எழுத்தில் போட்டிருந்ததே தவிர, எந்தப் படகு என்று எங்கேயும் இல்லை. என் மூளை வேலை செய்திருக்க வேண்டிய இடம் அதுதான். தங்க எழுத்தைப் பார்த்து அடங்கிவிட்டது.

படகுத்துறையில் ஒரு பெண் எங்கள் சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினாள். சுற்றிலும் திருவிழாக் கூட்டம். கடைசியில் அந்த மரப்படகு நிற்பதைப் பார்த்து, அப்பாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். அங்கே நின்ற ஊழியர் ஸ்டிக்கரைப் பார்த்தார், சிரித்தபடியே தலையை ஆட்டினார், பக்கத்தில் ஊதா விளக்கு மின்னிய மூன்று மாடி இரும்புக் கப்பலைக் காட்டினார். ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், ரூட் அதேதான். இதுல டான்ஸ்கூட இருக்கு சார்!" என்றார். கப்பல் கிளம்ப ஐந்தே நிமிடம். அப்போதுதான் வவுச்சரின் அடியில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்த வரியைப் படித்தேன். நிர்வாகக் காரணங்களால் படகு மாற்றப்படலாமாம். வரிசையில் பின்னால் நின்ற குடும்பம் அதே கப்பலுக்குத் துறையிலேயே தலைக்கு 1,100 பாட் கொடுத்து டிக்கெட் வாங்கியிருந்தது. அதைக் கேட்டிருக்கவே கூடாது.

இடம் கீழ்த்தளத்தில், சமையலறைக் கதவை ஒட்டி. ராத்திரி நேரத்தில் ஏசி ரயில் ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நம் முகம்தான் தெரியும். இங்கேயும் அதேதான். மேல்தளத்துக்குப் போக ஆளுக்கு இன்னொரு 500 பாட் என்றார்கள். கைடு என்று யாருமே இல்லை, மைக் பிடித்த டிஜே ஒருவர்தான். ஆற்றங்கரைக் கோயிலான வாட் அருணின் கோபுரம் வந்தபோது "போட்டோ டைம்!" என்று கத்திவிட்டு அடுத்த பாட்டைப் போட்டார்.

அப்பா படிக்கட்டுப் பக்கம் ஒரு சந்தில் நின்று எட்டிப் பார்த்தார். பாட்டுச் சத்தத்துக்கு மேல் என் காதில் கத்தி அவரே பாடம் நடத்தினார். கோயிலுக்கு முன்னால் ஓடும் இந்த ஆறு இயற்கையான ஆறே இல்லையாம். கப்பல்கள் பெரிய வளைவைச் சுற்றி வருவதைத் தவிர்க்க 16-ஆம் நூற்றாண்டில் வெட்டிய குறுக்கு வாய்க்கால் அது. நாளடைவில் ஆறு அந்த வழியையே பிடித்துக்கொள்ள, பழைய ஆறு சுருங்கி இன்று பாங்காக் நோய், பாங்காக் யாய் என்ற இரண்டு கால்வாய்களாகக் கிடக்கிறது. கைடு சொல்லியிருக்க வேண்டிய கதை. எட்டாம் ராமா பாலத்தில் கப்பல் திரும்பியபோது அப்பாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சைவச் சாப்பாடு என்பது பஃபே மேஜையின் ஓரத்தில் ஒரு நூடுல்ஸ் தட்டு. இறால் தட்டில் இருந்த கரண்டியே இதற்கும். அம்மா தர்பூசணி மட்டும் சாப்பிட்டார். தண்ணீர் பாட்டிலுக்குத் தனிக் காசு. ஏறும்போது கேட்காமலே எடுத்த போட்டோவை இறங்கும்போது சட்டம் போட்டு நீட்டினார்கள், அதற்கும் காசு.

மறுநாள் 1155-க்கு, அதாவது சுற்றுலாப் போலீசுக்குப் போன் செய்தேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். ரசீதில் தாய்லாந்து டூர் நிறுவனத்தின் லைசென்ஸ் எண் என்ன என்றார்கள். என்னிடம் இருந்ததோ நம் ஊர் ஆளுக்குப் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட். அந்த எண் இல்லாத வவுச்சருக்குப் பணம் கட்டாதீர்கள். படகின் பெயர், எந்தத் தளம், எந்த மேஜை, கைடு உண்டா, படகு மாறினால் முழுப் பணமும் திரும்புமா, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். முடிந்தால் படகு நடத்துகிறவர்களிடமே கார்டில் கட்டுங்கள், தகராறு என்றால் வங்கியிலாவது முறையிடலாம். இன்னொன்று, ராத்திரிப் படகில் அரண்மனைக்குள் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிராண்ட் பேலஸில் மாலை 3.30-க்கே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அப்பாவைச் சமாதானப்படுத்த, குரூஸுக்கு மறுநாள் காலையே சாதோர்ன் துறையில் ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகில் ஏறினோம். ஆளுக்கு 16 பாட். ஆபீஸ் போகிறவர்களும் பிக்குகளும் நிற்க, காற்று முகத்தில் அடிக்க, இரண்டு கரையும் தெளிவாகத் தெரிந்தன. தா தியென் துறையில் இறங்கி, 5 பாட் கொடுத்து அக்கரைக்குப் போனோம். வாட் அருணில் அந்த அருணன் நம் சூரியனின் தேரோட்டியேதான். கோபுரத்தில் ஐராவதத்தின் மேல் இந்திரன் இருக்கிறான். சீனக் கப்பல்கள் ஆடாமல் இருக்க அடிப்பாரமாக ஏற்றி வந்த பீங்கான் துண்டுகளைப் பதித்துப் பூவாக்கியிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு பூவையும் நின்று நின்று பார்த்தார். மரகத புத்தர் சிலை 1784-இல் அரண்மனைக் கோயிலுக்குப் போகும்வரை இங்கேதான் இருந்தது என்று கட்டின தொண்டையோடே அம்மாவுக்குச் சொன்னார்.

ஊர் திரும்பியதும் ஏஜென்டுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அடுத்த ட்ரிப்பில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறேன் என்றார். தள்ளுபடி வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றேன். அதிலிருந்து என் மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கிறது. என் மனைவியின் நம்பரை பிளாக் செய்ய மறந்துவிட்டார் போல. நேற்று அதில் அவருடைய ஸ்டேட்டஸ் வந்தது. அதே தேக்குமரப் படகு, அதே மெழுகுவத்தி, 'இன்னும் ஆறு சீட் மட்டுமே'.