கிறிஸ்துமஸ் பாட்டில்: திராட்சையா, நன்னாரியா?

டிசம்பர் வந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் தட்டுகள் நடமாடத் தொடங்கிவிடும். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்குமாக வந்த தட்டு, கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கும் கேக்குமாகத் திரும்பிப் போகும். நாலைந்து வருடமாக நான் தட்டோடு ஒரு பாட்டிலும் கொடுக்கிறேன். சோடாவில் கலந்து குடிக்க, வீட்டில் காய்ச்சிய பாகு. முதல் இரண்டு வருடம் பன்னீர் திராட்சை ஸ்குவாஷ், அப்புறம் நன்னாரி.

ஒயின் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம். போக, தெருவில் பாதி வீட்டில் தொடமாட்டார்கள்.

பார்வைக்குத் திராட்சைதான். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சையின் அந்தச் செந்நீல நிறம் கண்ணாடித் தம்ளரில் சோடாவோடு எழும்பும்போது விருந்து களைகட்டிவிடும். பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். நன்னாரியோ வெளிறிய பழுப்பு. கடைச் சர்பத்தின் கருமை பெரும்பாலும் கருக்கிய சர்க்கரையால் வருவது.

ஆனால் பரிசாகக் கொடுக்கும் பாட்டிலை யாரும் அன்றைக்கே திறப்பதில்லை. அலமாரியில் கேக் டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் வெளியே வரும். இரண்டாவது வருடம் ஜனவரி முதல் வாரத்தில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து நின்றாள். "யக்கா, நீங்க தந்த பாட்டில் மூடி தெறிச்சுட்டு, சுவரெல்லாம் ஊதா." அவள் சிரித்தாள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போக ஒரு மாதம் கூச்சம்.

தப்பு என்னுடையதுதான். கொதித்தால் மணம் போய்விடும் என்று லேசாகச் சூடாக்கி, ஈரம் காயாத பாட்டிலில் ஊற்றியிருந்தேன். ஸ்குவாஷில் சர்க்கரை சுமார் 40 சதவீதம். அந்த அளவில் ஈஸ்ட் சாகாது, சாவகாசமாகச் சர்க்கரையைத் தின்று வாயு விடும். கடை ஸ்குவாஷில் கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட் போடுவது இதற்காகத்தான். 65 சதவீதத்தைத் தாண்டினால் சர்க்கரையே காவல், வேறு மருந்து வேண்டாம். திராட்சையில் அவ்வளவு சர்க்கரை கொட்டினால் பழம் எங்கே போனது என்று தேட வேண்டும். நன்னாரி அப்படியில்லை. அதன் மணம் எத்தனை இனிப்புக்கும் அடங்காது.

நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வேர் வாங்கி, மண் போகக் கழுவி, தட்டி, நடுத்தண்டை எறிந்துவிடுங்கள், மணமெல்லாம் பட்டையில்தான். வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டினால் அரை லிட்டர் கிடைக்க வேண்டும். அதில் 1 கிலோ சர்க்கரையைக் கரைத்து ஒரு கொதி விட்டு இறக்கி, அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள், பாகு மறுபடி சர்க்கரையாகப் பூக்காமல் இருக்கும். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே தேறும். ஆறுவதற்குமுன் மூடி போட வேண்டாம். ஆவி மேலே நீராக நின்றால் அங்கேதான் பூசணம் பிடிக்கும். பாட்டில் நன்றாக உலர்ந்திருக்கட்டும். பழைய பிராந்தி பாட்டிலை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை தடவை கழுவினாலும் தெருவில் வேறு கதை கிளம்பும்.

கலக்கும் அளவைப் பாட்டில் கழுத்தில் எழுதிக் கட்டிவிடுவேன்: பாகு இரண்டு மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. பெரியவர்களுக்குக் கீறிய பச்சை மிளகாய் ஒன்று. பாட்டிலோடு புளியங்குடி எலுமிச்சை நாலு வைத்தால் வாங்குகிறவருக்குக் கடைக்கு ஓடுகிற வேலை மிச்சம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். என் நன்னாரி பாட்டில் எதுவும் நாலு மாதத்துக்கு மேல் மிஞ்சியதில்லை, அதற்கப்புறம் எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை. கருப்பட்டியில் ஒரே ஒரு தடவை செய்தேன். கருப்பட்டி மணம் நன்னாரியை அமுக்கிவிட்டது, மதினிக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

இந்த வருடத்துக்கு 12 பாட்டில் கணக்குப் போட்டு வேர் வாங்கியாயிற்று. திராட்சை 2 கிலோ, பண்டிகை அன்றே காலியாகிற மாதிரி, எங்கள் வீட்டுக்கு மட்டும்.