3 நாள், 12 மாத்திரை: மூட்டு மாற்று ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த சேவை

நான் ஃபுளோரிடாவில், டாம்பா பக்கம் இருக்கிறேன். வயது 58. வலது கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. சர்ஜன் கைராசிக்காரர், தையல் அழகாக ஆறிவிட்டது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை; ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். நான் எழுத வந்தது வீட்டுக்கு வந்த பிறகு நடந்த வலி மாத்திரை விஷயத்தைப் பற்றி. அதில் மருத்துவமனைக்கு இரண்டு, பார்மசிக்கு ஐந்து. இரண்டின் பெயரையும் போடப் போவதில்லை. எந்த இடத்திலும் நடக்கக்கூடிய தவறு இது. அடுத்து ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை ஆபரேஷன், அன்று சாயங்காலமே வீடு. தொடையில் போட்டிருந்த நரம்பு ஊசியின் புண்ணியத்தில் வலியே தெரியவில்லை. கிளம்பும் முன் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை என்னோடு சேர்ந்து படித்தார். ஓபியாய்டு என்கிற அபின் வகை வலி மருந்து இல்லாமல் வலியைச் சமாளிக்கும் வழிகள் அதில் இருந்தன. 2019 முதல் இங்கே சட்டப்படி இதைப் பற்றி நோயாளியிடம் பேசியாக வேண்டுமாம். கடமைக்குக் கையில் திணிக்காமல், டைலனால் (பாராசிட்டமால்தான்) எத்தனை மணிக்கு, வீக்கமும் வலியும் குறைக்கும் செலிகாக்ஸிப் எத்தனை மணிக்கு, ஐஸ் எவ்வளவு நேரம் என்று நிதானமாகச் சொன்னார். அந்த நர்ஸுக்கு நன்றி.

அப்புறம்தான் பிரச்சினை. என் கணவர் ஆறு மணிக்குப் பார்மசிக்குப் போனார். கம்ப்யூட்டரில் வந்திருந்த சீட்டில் ஆக்ஸிகோடோன் 5 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, 7 நாளுக்கு 28 மாத்திரை. பார்மசிஸ்ட் பெண் திரையை இரண்டு முறை பார்த்துவிட்டு, "இதில் 12தான் கொடுக்க முடியும்" என்றாராம்.

காரணம் இது. 2018 ஜூலை 1 முதல் ஃபுளோரிடாவில் இந்த வகை மாத்திரைகளை, அதாவது இரண்டாம் அட்டவணை ஓபியாய்டுகளை (பழக்கமாகிவிடும் ஆபத்தைப் பொறுத்து மருந்துகளை அட்டவணை போட்டிருக்கிறார்கள், எண் கூடினால் கட்டுப்பாடு குறைவு), திடீர் வலிக்கு 3 நாளுக்கு மேல் எழுதக் கூடாது. ஆபரேஷன் வலியும் அதில் அடக்கம். 7 நாள் வரை எழுத வழி உண்டு. டாக்டர் அதற்கான காரணத்தைக் கேஸ் ஷீட்டில் பதிய வேண்டும், சீட்டில் 'அக்யூட் பெயின் எக்செப்ஷன்' (திடீர் வலிக்கான விதிவிலக்கு) என்ற மூன்று வார்த்தைகளும் இருக்க வேண்டும். என் சீட்டில் அந்த மூன்று வார்த்தைகள் இல்லை. பார்மசிஸ்ட் தானாகச் சேர்க்க முடியாது. சர்ஜன் ஆபீஸுக்குப் போன் போட்டார், ஐந்து மணிக்கே மூடிவிட்டார்கள்.

வெள்ளி விடியற்காலை மூன்று மணிக்கு ஊசியின் வேகம் இறங்கியது. மூட்டுக்குள் யாரோ ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகுவது போல இருந்தது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான், வலி தெரியாதவள் இல்லை. மாத்திரை போட்டதும் முக்கால் மணி நேரத்தில் மூச்சு விட முடிந்தது. அன்று பார்மசிஸ்ட் இரண்டு முறை சர்ஜன் ஆபீஸைக் கூப்பிட்டிருக்கிறார். டாக்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், சொல்கிறோம் என்றார்களாம். யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை என் கணவர் மருத்துவமனையின் ஆன்-கால் நம்பருக்குப் போட்டார். 40 நிமிஷம் பாட்டு. கடைசியில் ஒரு குரல், "கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு வார இறுதியில் புதுச் சீட்டு தரமாட்டோம்" என்றது. இது சட்டம் இல்லை. அந்த ஆபீஸின் சொந்த விதி. இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

அதன் பிறகு நான் செய்ததை மறைக்காமல் சொல்கிறேன். மாத்திரை தீர்ந்துவிடுமே என்ற பயத்தில் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்பதைப் பத்து மணி நேரத்துக்கு ஒன்று ஆக்கினேன். கணவர் ஒரு நோட்டில் நேரம் குறித்துக்கொண்டே வந்தார். இப்போதும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன்: வெள்ளி 4 மாத்திரை, சனி 2, ஞாயிறு 2. பக்கத்திலேயே மூட்டு மடங்கிய அளவு: வெள்ளி 70 டிகிரி, சனி 62. வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் காலை மடக்கப் பார்த்தபோது நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வலி மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது மணி நேரம் என்றதும் நோட்டை வாங்கிப் பார்த்தார். மூட்டு ஆபரேஷனில் முதல் இரண்டு வாரம் மடக்காமல் விட்டால் உள்ளே தழும்பு இறுகிப் பிற்பாடு மடக்குவது பெரும்பாடு என்று எடுத்துச் சொன்னார். மாத்திரையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நான் பயிற்சியைக் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அந்தப் பார்மசிஸ்ட் தானாகவே மறுபடி சர்ஜன் ஆபீஸைக் கூப்பிட்டு, சர்ஜனின் உதவியாளரைப் பிடித்துவிட்டார். அவரோ, "டிரமடால் என்ற வேறு வலி மாத்திரை அனுப்பிவிடுகிறேன், அதற்கு 3 நாள் கணக்கு கிடையாது" என்றிருக்கிறார். உண்மைதான். டிரமடால் நான்காம் அட்டவணை மருந்து, அந்த 3 நாள் வரம்பு அதற்குப் பொருந்தாது. ஆனால் நான் பல வருஷமாக மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் எடுக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் உடம்பில் செரடோனின் அளவுக்கு மீறி ஏறி ஆபத்தாகலாம், வலிப்பு வரும் வாய்ப்பும் கூடும். பார்மசிஸ்ட் என் மருந்துப் பட்டியலைப் பார்த்து அங்கேயே தடுத்தார். சட்டம் ஒரு மருந்தை இறுக்கினால் எழுதுகிறவர்கள் கை சுலபமாக இருக்கும் மருந்துப் பக்கம் போகிறது. சுலபமானது எனக்கு ஏற்றது என்று அர்த்தம் இல்லை. அந்த ஒரு போன் காலுக்காகவே ஐந்து நட்சத்திரம்.

பத்து மணிக்குப் புதுச் சீட்டு வந்தது, மூன்று வார்த்தைகளோடு. எழுதும் முன் மாநிலத்தின் மருந்துப் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள், அதுவும் இங்கே கட்டாயம். 28 மாத்திரை. அப்போது பார்மசிஸ்ட் என் கணவரிடம் சொன்ன ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. முழுவதையும் ஒரே தடவையில் வாங்க வேண்டியதில்லை, நோயாளி கேட்டால் பகுதியாகக் கொடுக்கலாம், மீதியைச் சீட்டு எழுதிய 30 நாளுக்குள் வாங்கிக்கொள்ளலாம், 2016 மத்தியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றாராம். சரி என்று 12 மட்டும் வாங்கி வந்தார். இன்னும் 16 கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது. பயம் போனதும் மாத்திரையும் குறைந்தது. பிசியோவுக்கு அரை மணி முன்னால் ஒன்று, இரவில் ஒன்று. நாலைந்து நாளில் டைலனாலும் ஐஸும் போதும் என்றாகிவிட்டது.

கணக்கு பார்த்தால் மொத்தம் 19 மாத்திரை. முதலில் எழுதிய 28 கூடத் தேவைப்படவில்லை. ஆகவே சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு காலத்தில் இதே ஃபுளோரிடாவில் வலி கிளினிக் என்று போர்டு மாட்டி ஆக்ஸிகோடோனை வாரிக் கொடுத்தார்கள், வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் கார் பிடித்து வந்து வாங்கிப் போனார்கள். எத்தனை வீடுகள் அழிந்தன. ரோட் ஐலண்டு போன்ற மாநிலங்களில் வரம்பு வந்த பிறகு மூட்டு ஆபரேஷன் நோயாளிகளுக்கு எழுதும் மாத்திரை குறைந்ததாக ஆய்வுகளும் சொல்கின்றன. நல்லதுதான். எனக்கு ஒப்பாதது, பல் பிடுங்கியதற்கும் எலும்பை அறுத்ததற்கும் ஒரே 3 நாளில் ஆரம்பிப்பது. நார்த் கரோலினாவில் 2018 முதல் சாதாரண திடீர் வலிக்கு 5 நாள், ஆபரேஷனுக்கு 7 நாள் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்திருந்தால் அந்த மூன்று வார்த்தைகளுக்காக என் வீட்டுக்காரர் அலைந்திருக்க வேண்டாம். 2016ல் நாள் கணக்கு சொன்ன சிடிசியே (அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம்) 2022ல் திருத்தி, ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எண்ணைக் கல்லில் எழுதிய விதியாக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது.

இங்கே ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கு: முடிந்தால் திங்கள், செவ்வாயில் தேதி வாங்குங்கள். கிளம்பும் முன் சீட்டில் அந்த மூன்று வார்த்தைகள் இருக்கிறதா என்று நர்ஸிடம் கேளுங்கள். வார இறுதியில் யார் போனை எடுப்பார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். நீங்கள் எடுக்கும் மற்ற மாத்திரைகளின் பட்டியலைப் பார்மசியிலும் கொடுத்து வையுங்கள். மருத்துவமனைக்கும் இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், சீட்டு அனுப்பும் திரையில் அந்த வரி தானாக வரும்படி மாற்றுவதாகப் பதில் வந்தது. மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்தால் இரண்டை நாலாக்குகிறேன்.

மீந்த 5 மாத்திரையை எடுத்துக்கொண்டு மூன்றாவது வாரம் வாக்கர் இல்லாமல், கைத்தடியோடு நானே பார்மசிக்குப் போனேன். வாசலுக்கு உள்ளே, பழைய மருந்து போடும் இரும்புப் பெட்டி இருக்கிறது. பிடியை இழுத்துப் போட்டேன், டங்கென்று மூடிக்கொண்டது. கவுன்ட்டரிலிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கேட்டார். 108 டிகிரி என்றேன்.