ஃபீனிக்ஸ் வீட்டில் கிரியோசோட்: 7 வருட அனுபவம்

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரம், கிரியோசோட் இந்தப் பாலைவனத்துப் புதர்ச்செடி. முதல் செடியை நானே தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். கோடையில் வாடிவிடுமே என்ற பதைப்பில் தினமும் ஒரு வாளி. எங்கள் வாசலில் ஓரடி தோண்டினால் சுண்ணாம்பு பாறையாக இறுகிக் கிடக்கிறது, கலீச்சி என்கிறார்கள். ஊற்றிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் வேர் அழுகிப் போனது.

அடுத்ததை 2018 அக்டோபரில், வெயில் தணிந்த பிறகு வைத்தேன். கடப்பாரையால் அந்த அடுக்கை உடைத்து, குழியில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நட்டேன். உரம் போடவே இல்லை. முதல் இரண்டு கோடைக்கு 10 நாளுக்கு ஒருமுறை, ஆழமாக நனையும்படி விட்டேன். அப்புறம் அது வானம் பார்த்த செடிதான்.

2023 கோடையை மறக்க முடியாது. 31 நாள் தொடர்ந்து பகல் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, பருவமழையும் பொய்த்தது. ஊரில் சாகுவாரோ கள்ளிகளே சாய்ந்தன. என் செடி பாதி இலையை உதிர்த்துவிட்டுப் பழுப்பாக நின்றது. மனசு கேட்காமல் ஒரே ஒரு இரவு மட்டும் தண்ணீர் விட்டேன். குளிர்கால மழை விழுந்ததும் துளிர்த்து, வசந்தத்தில் மஞ்சளாகப் பூத்துவிட்டது.

பூக்கிற நாட்களில் காலையில் காபியோடு அதன் பக்கத்தில்தான் உட்காருவேன். அரிசி அளவுகூட இல்லாத குட்டித் தேனீக்கள் வரும். இந்தப் பூவின் மகரந்தத்தையே நம்பி வாழும் காட்டுத் தேனீ இனங்கள் மட்டும் 20-க்கு மேல் உண்டு. மகரந்தச் சேர்க்கை முடிந்த பூ, ஐந்து இதழ்களையும் காற்றாடி இறக்கை மாதிரி பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளும். பூ ஒவ்வொன்றாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், நேரம் போவதே தெரியாது. இந்தத் தேனீக்களில் பல மண்ணுக்குள் தனித்தனியாகக் கூடு வைப்பவை. அதனால் செடியைச் சுற்றி ஜல்லியை அள்ளிவிட்டு வெறும் மண்ணாக விட்டேன். இப்போது அங்கங்கே பென்சில் முனை அளவுக்குத் துளைகள்.

வேலிக்காக வைக்க நினைப்பவர்களுக்கு இது சரிப்படாது. 7 வருடத்தில் என் நெஞ்சு உயரம்தான் வந்திருக்கிறது. இலையில் பிசின், தொட்டால் கையில் ஒட்டும். ஆனால் அந்தப் பிசின்தான் மழை நனைந்ததும் மணக்கிறது. அந்த வாசனைக்காக வீட்டில் எல்லோரும் ஜன்னலைத் திறந்துவிடுவோம்.

மேற்கு மூலையில் இன்னொன்று வைக்கக் குழி தோண்டியிருக்கிறேன். நேற்று ஊற்றிய தண்ணீர் காலையிலும் தேங்கி நின்றது. இன்னும் கொஞ்சம் உடைக்க வேண்டும்.